செத்தைக்குக் குரல் கொடுத்தவர்

கார்த்திகை தீபத்துக்கு உலகமே திருவண்ணாமலைக்கு வருகிறது. நான் மட்டும் அன்றைக்குக் காலையிலேயே பையைத் தூக்கிக்கொண்டு ஆரணியில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறேன். "வாசல்ல நின்னாலே மலை தெரியுது. இந்தக் குடுப்பினைய உட்டுட்டு ஓடறாளே" என்று என் மாமியார் வருஷா வருஷம் அங்கலாய்க்கிறார். கூட்டம், ஸ்பீக்கர் சத்தம், தலைவலி என்று அவருக்கு ஏதோ சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையான காரணம், எங்கள் தெருவுக்குத் தோட்டவேலைக்கு வந்துகொண்டிருந்த ஒரு அக்கா.

பெயர் சொல்லப்போவதில்லை. தெருவில் எல்லாருக்குமே அவர் அக்காதான். எழுபது வயது ரிடையர்டு கண்டக்டருக்கும் அக்காதான். அக்காவுக்கு அப்போது ஐம்பது, ஐம்பத்திரண்டு இருக்கும்.

எங்கள் வீடு வேங்கிக்காலைத் தாண்டி, புதிதாக மனை பிரித்த இடத்தில் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வீடுகள், மற்றதெல்லாம் காலி மனை. ஐப்பசியில் இரண்டு மழை அடித்தால் போதும், இடுப்பளவு புல் ஏறிவிடும். தீபத்துக்கு விருந்தாளிகள் வருவதற்குள் ஒவ்வொரு வீட்டிலும் தோட்டத்தைச் சுத்தம் பண்ணியாக வேண்டும். பாம்பு பயம் பாதி, அடுத்த வீட்டுக்காரி என்ன சொல்வாளோ என்ற பயம் மீதி. அந்தச் சமயத்தில்தான் கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து அக்கா முதல் பஸ் பிடித்து வருவார். கையில் ஒரு வெட்டுக்கத்தி, ஒரு துடைப்பம், ஒரு மூங்கில் கழி.

முதல் நாள் நான் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் பின்னால் இரண்டு வருஷத்துச் செத்தை குவிந்து கிடந்தது. காய்ந்த இலை, ஒடிந்த கிளை, உடைந்த ஓடு எல்லாம் சேர்ந்த குவியல். அக்கா அதன் முன்னால் போய் நின்று, கழியால் தரையில் மெல்லத் தட்டினார்.

"உள்ள யார்னா கீறீங்களா? நான் எடுக்கப் போறேன். வெளிய வந்துடுங்க."

சாத்தியிருக்கிற ஒரு வீட்டு வாசலில் நின்று ஆளைக் கூப்பிடுவது போலவே இருந்தது அந்தக் குரல். கொஞ்சம் நின்றார். மறுபடி தட்டினார், மறுபடி கூப்பிட்டார். மூன்று வாட்டி ஆனதும் போய் வேப்பமர நிழலில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவ ஆரம்பித்தார்.

எனக்கு வாய் ஜாஸ்தி. சும்மா இருக்க வராது. "என்னக்கா, குப்பைகிட்ட குசலம் விசாரிச்சிட்டு உக்காந்துட்டீங்க? இது எப்ப முடியறது?"

"நீ கெளம்பும்மா. அவங்க எழுந்து வர நேரம் ஆவும்."

"எவங்க?"

"உள்ள கீறவங்க."

பைத்தியம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே திரும்பினேன். செத்தைக்கு அடியிலிருந்து இரண்டு தேரைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அப்புறம் ஒரு அரணை. அப்புறம், என் கை நீளத்தை விட இரண்டு மடங்கு நீளத்தில் ஒரு சாரைப்பாம்பு. நான் போட்ட கூச்சலில் தெருவே கூடியிருக்கும்.

"கத்தாதம்மா. பெரியவரு கூச்சப்படுவாரு" என்றார் அக்கா. பாம்பு வேலி ஓரமாக நிதானமாகப் போய்க் காலி மனைக்குள் மறைந்தது.

சாயங்காலம் வந்து என்ன மந்திரம் என்று கேட்டேன். "மந்திரம்லாம் எனுக்கு இன்னாம்மா தெரியும்? அடுத்தவங்க ஊட்டுல பூறதுக்கு முன்ன கொரல் குடுக்கமாட்டமா? அதான்" என்றார். கழி தட்டும் அதிர்வுக்குத்தான் அதெல்லாம் வெளியே வருகிறது என்று என் வீட்டுக்காரர் விளக்கம் கொடுத்தார். இருக்கலாம். ஆனால் என் வீட்டுக்காரரே தட்டி நான் பார்த்திருக்கிறேன், ஒன்றும் வந்ததில்லை.

அக்காவுடைய வேலை எந்த வீட்டுக்காரருக்கும் முழுத் திருப்தி தந்ததில்லை. தோட்டத்தில் பாதியைத்தான் சுத்தம் செய்வார். மறுபாதிக்கு அடுத்த வாரம் வருவார். "மொத்தத்தையும் ஒரே நாள்ல வழிச்சுட்டா அதுங்க எங்கம்மா போவும்? இந்தாண்டலேருந்து அந்தாண்ட போயி குந்தட்டும், அப்பால அதை எடுக்கலாம்" என்பார். ஒரு வாரம் முழுக்க என் தோட்டம் பாதி மழித்த தலை மாதிரி நிற்கும். பெருக்கிய இலையை எரிக்க விடமாட்டார். மாமரத்தடியிலும் முருங்கையடியிலும் கொட்டி மூடுவார். காய்ந்துபோன ஆமணக்குத் தண்டை நான் பிடுங்கப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டார். தண்டின் ஓட்டையைக் காட்டி, "இதுக்குள்ள வண்டு முட்ட வெச்சுக்கீது. தைக்கு மேல எடுத்துக்கலாம். நின்னா இன்னா, சோறா கேக்குது?" என்றார். புல்லுக்கு மருந்தடிக்கிறேன் என்று யாராவது சொன்னால் போதும், அந்த வீட்டுப் பக்கம் அப்புறம் எட்டிப் பார்க்கமாட்டார்.

எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனாலும் அவர் வந்த முதல் வருஷமே என் முருங்கைக்குக் கம்பளிப்பூச்சி கம்மி. கொசுகூடக் கம்மி என்று என் மாமியார் சத்தியம் பண்ணுவார்.

கண்டக்டரைப் பற்றிச் சொன்னேனே, தெருக்கோடியில் இருக்கும் பிள்ளையார் கோயிலை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். ஒருமுறை அவருக்குப் பொறுமை போய், கோயில் பக்கத்துப் புல்லை வெட்ட மிஷின்காரனைக் கூட்டிவந்தார். அரை மணியில் வேலை முடிந்தது. அக்கா வந்து பார்த்தார். வெட்டின புல்லுக்குள் தேரைகள் துண்டு துண்டாகக் கிடந்தன. அவர் யாரையும் திட்டவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து ஒரு பூவரச இலையில் வைத்து, வேலி ஓரத்தில் பள்ளம் பறித்து மூடினார். கண்டக்டர் சங்கடத்தோடு பக்கத்தில் போய் நின்றார்.

"மிஷினுக்குக் காது இல்லீங்க" என்றார் அக்கா. அவ்வளவுதான். அந்த மனுஷன் அதற்கப்புறம் மிஷினைத் தெருவுக்குள் விடவேயில்லை.

குரல் கொடுப்பது செத்தைக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் எந்த வீட்டு கேட்டையும் தானாகத் திறந்து வந்ததில்லை. மழையில் நனைந்துகொண்டே நின்றாலும் வெளியிலிருந்து கூப்பிடுவார், பதில் வந்தால்தான் உள்ளே கால் வைப்பார். ஒருநாள் களை பிடுங்கிக்கொண்டே, விதவைப் பென்ஷனுக்கு மனு கொடுக்க மூன்று வாட்டி ஒரு ஆபீசுக்குப் போய்த் திரும்பிவிட்டதாகச் சொன்னார். எந்த ஆபீஸ் என்று கேட்டால், நான் வேலை பார்க்கிற ஆபீஸ். என் அறைக்கு அடுத்த அறை!

"மனு வாங்க மாட்டேன்னுட்டாங்களா?"

"இல்லம்மா. வாசப்படியில நின்னு கூப்ட்டேன். யாரும் ஏன்னு கேக்கல. வந்துட்டேன்."

"உள்ள போய் டேபிள் முன்னாடி நிக்க வேண்டியதுதானேக்கா? அங்கெல்லாம் யாரு வா வான்னு கூப்பிடுவாங்க?"

"பதில் வராத எடத்துக்குள்ள எப்டிம்மா போறது?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மறுநாள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மனு கொடுக்க வைத்தேன். பெரிய உதவி ஒன்றும் இல்லை, நாற்பது அடி தூரம் கூட நடந்தேன், அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து அக்காவுக்கு நான் சொன்னதுதான் வேதம். "இந்தம்மா சொன்னா சொன்னதுதான்" என்று தெருவில் எல்லாரிடமும் சொல்வார். அதைக் கேட்கும்போது எனக்கும் உள்ளுக்குள் குளுகுளு என்றுதான் இருந்தது.

சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். தள்ளித் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிகிறது.

சில வருஷம் கழித்து ஒரு தீபத்துக்கு என் நாத்தனார் குடும்பத்தோடு சென்னையிலிருந்து வருவதாக இருந்தது. கைக்குழந்தை வேறு. எங்கள் வீட்டு மதில் ஓரத்தில், வீடு கட்டும்போது மிச்சமான சென்ட்ரிங் பலகையும் சவுக்குக் கட்டையும் அடுக்கியபடி கிடந்தன. அதை எடுத்தாக வேண்டும் என்று அக்காவிடம் சொன்னேன். அவர் வழக்கம்போலத் தட்டினார், கூப்பிட்டார், உட்கார்ந்தார். பலகைக்கு அடியிலிருந்து ஒரு கீரிப்பிள்ளை மூக்கை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. அக்கா குனிந்து பார்த்தார். திரும்பி என்னிடம் வந்தார்.

"குட்டி போட்டுக்கீதும்மா. நாலு. இன்னும் கண்ணு சரியா தொறக்கல. ஒரு பத்து நாள் பொறுத்துக்கோயேன்."

"பத்து நாள்ல தீபமே முடிஞ்சிடும்க்கா. குழந்தை வருது. முடியவே முடியாது."

"கீரி இருந்தா பாம்பு அண்டாது. கொழந்தைக்கு நல்லதுதான்."

"அதெல்லாம் வேணாம்க்கா. இன்னிக்கே எடுத்துடுங்க."

அவர் கழியைத் தரையில் ஊன்றினார். "எங்களையும் ரெண்டு வாட்டி அப்டித்தான் ஊடு காலி பண்ணச் சொன்னாங்க. ரெண்டாவது வாட்டி கைல நாலு மாசக் கொழந்த" என்றார். குத்திக்காட்டிச் சொன்ன மாதிரி இல்லை. ஞாபகம் வந்தது, சொன்னார். அப்புறம் பலகை அடுக்குக்கு முன்னால் போய்க் குந்தி உட்கார்ந்துகொண்டு, நான் கேட்கிற மாதிரியே கீரியிடம் பேசினார். "ஆயிரம் வேல இருந்தாலும் வேற எடம் பாத்துக்கோடியம்மா. நான் சாயந்தரம் வரைக்கும் இங்கதான் இருக்கேன். யாரையும் கிட்ட உடமாட்டேன்."

மத்தியானம் அது கிளம்பியது. ஒரு குட்டியின் கழுத்தை வாயில் கவ்விக்கொண்டு தெருவைத் தாண்டி ஓடியது. அக்கா தெருவின் நடுவில் நின்று, வந்த பைக்கையெல்லாம் கை காட்டி நிறுத்தினார். என் வீட்டுக்காரரும் சாப்பாட்டுக்கு வந்தவர் பைக்கை அணைத்துவிட்டு நின்றார். நாலு குட்டிக்கு நாலு நடை. நாலாவது நடையில் அது எங்கே போகிறது என்று நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம். பிள்ளையார் கோயிலுக்கு எதிரே இருக்கும் காலி மனையில், சொக்கப்பனைக் குவியலுக்குள் போனது.

சொக்கப்பனை என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். கார்த்திகையன்று கோயில் முன்னால் ஒரு பனைமரத் துண்டை நட்டு, சுற்றிலும் காய்ந்த பனையோலையைக் கட்டிக் கொளுத்துவார்கள். எங்கள் தெருவில் அதோடு ஒவ்வொரு வீட்டுத் தோட்டத்துச் சுள்ளியும் உடைந்த கட்டையும் சேரும். மலையில் தீபம் ஏறியதும் இங்கே நெருப்பு வைப்போம். மழைக்குப் பயந்து பத்து நாள் முன்பே அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடி வைத்துவிடுவார்கள். கொட்டுகிற மழையில் பத்து நாள் காய்ந்து கிடக்கிற இடம் தெருவிலேயே அது ஒன்றுதான். எதற்கெல்லாம் போக்கிடம் இல்லையோ அதெல்லாம் அங்கே போய்ச் சேரும். அதனால்தான் தீபத்தன்று மத்தியானமே அக்கா வந்துவிடுவார். குரல் கொடுத்து, குவியல் முழுவதையும் பிரித்துப் பார்த்து, மறுபடி கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் நெருப்பு வைக்கச் சொல்வார். வருஷா வருஷம் இது நடந்தது. இப்படிச் செய்த பிறகுதான் நெருப்பு வைக்க வேண்டும் என்று கண்டக்டரே ஒரு சாஸ்திரம் போலச் சொல்ல ஆரம்பித்திருந்தார்.

கீரி அங்கே போனதும் அக்காவின் முகம் வாடிவிட்டது. "அங்கயா போவணும்? வேற எடமே கெடைக்கலியா?" என்றார். போகும்போது என்னிடம் இரண்டு தரம் சொன்னார். "தீபத்தன்னிக்கு நான் வந்துடறேன். நான் வராம நெருப்பு வெக்க உடாதம்மா. உன்ன நம்பித்தான் போறேன்."

"நான் பாத்துக்கறேன்க்கா" என்றேன்.

தீபத்தன்று மத்தியானம் அவர் வரவில்லை. ஊருக்குள் வரும் பஸ்ஸையெல்லாம் வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்து கூட்டத்தோடு நடந்துதான் வரவேண்டும். ஐந்து மணிக்கு மேல் போன் வந்தது. பின்னால் ஒரே சத்தம்.

"எம்மா, கூட்டத்துல மாட்டிக்கினேன். நகரவே முடியல. வர லேட்டாவும். நெருப்பு வெக்காம இருங்க. இல்லனா நீயே பிரிச்சுப் பாத்துடு. மூணு வாட்டி கூப்ட்டு, கொஞ்சம் நின்னு, அப்பால பிரி. அவ குட்டிங்கள எடுத்துக்கினு போவணும், நேரம் குடு."

நான் பட்டுப்புடவையில் இருந்தேன். அடுப்பில் அப்பம் வெந்துகொண்டிருந்தது. நாத்தனார் குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. தூறல் வேறு பிடித்திருந்தது. காலையிலிருந்து ஸ்பீக்கரும் பட்டாசுமாக இருக்கிறதே, கீரி எப்போதோ குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்பிச் சொல்லவில்லை. வசதிக்காகச் சொல்லிக்கொண்டேன். அது எனக்கு அப்போதே தெரியும்.

"ஆச்சுக்கா. எல்லாம் பிரிச்சுப் பாத்துட்டோம். உள்ள யாரும் இல்ல" என்றேன்.

"கூப்ட்டியா?"

"கூப்பிட்டேன்க்கா."

"அப்பாடா" என்றார். அந்த மூச்சுச் சத்தம் போனில் நன்றாகக் கேட்டது.

என் வீட்டுக்காரர் நாத்தனார் வீட்டுக்காரரோடு கிரிவலம் போயிருந்தார். ஆறு மணிக்கு மலை உச்சியில் தீபம் தெரிந்தது. தெருவே அரோகரா என்று கையெடுத்துக் கும்பிட்டது. கண்டக்டர் தார்ப்பாயை இழுத்துப்போட்டுவிட்டு என்னைப் பார்த்து, "அக்கா வரலையே, யாராவது பிரிச்சுப் பாத்தாச்சா?" என்று கேட்டார்.

"அவங்க போன்ல சொல்லிட்டாங்க. வெச்சிடுங்க."

பனையோலை வெடிவெடியாக வெடித்துக்கொண்டு எரிந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் குவியலின் அடியிலிருந்து அந்தக் கீரி வெளியே வந்தது. வாயில் ஒன்றும் இல்லை. வாலில் புகை. வெளிச்சத்தில் இரண்டு சுற்று சுற்றி ஓடியது, நின்றது, எங்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்தது. தப்பித்துக்கொள்ள நாலு பக்கமும் வழி இருந்தது. திரும்பி நெருப்புக்குள்ளேயே ஓடியது.

அப்புறம் அது வரவில்லை. உள்ளேயிருந்து வந்த சத்தத்தை எழுத எனக்கு மனசில்லை. ரொம்ப நேரம் இல்லை, கொஞ்ச நேரம்தான்.

யாரோ ஒரு பெண், "பாத்தீங்களா, தானா போய் விழுந்துச்சு. தீபத்தன்னிக்கு யாருக்குக் கெடைக்கும் இந்த மோட்சம்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இன்னும் நாலு பேர் கும்பிட்டார்கள். பாவிகளா என்று கத்த வேண்டும் போல் இருந்தது. யார் பாவி?

அக்கா ஏழு மணிக்கு வந்து சேர்ந்தார். சேறு தெறித்த புடவை, ஒரு கால் செருப்பு அறுந்து கையில் இருந்தது. யாரும் வாயை அடக்கவில்லை, கீரிக்கு மோட்சம் கிடைத்த கதையை ஓடிப்போய்ச் சொன்னார்கள். அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"பிரிச்சுப் பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

"மூணு வாட்டி கூப்ட்டியா?"

"மூணு வாட்டி கூப்பிட்டேன்."

அந்த இரண்டாவது பொய்யைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை. முதல் பொய்க்காவது அப்பம், குழந்தை, தூறல் என்று ஆயிரம் சாக்கு உண்டு. இதற்கு என்ன உண்டு? திட்டிவிடுவாரோ என்ற பயம் ஒன்றுதான்.

அவர் என்னைத் துளிக்கூடச் சந்தேகப்படவில்லை. தணலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டார். எனக்குச் சொல்கிறாரா தனக்கே சொல்லிக்கொள்கிறாரா என்று தெரியாமல் பேசினார். "நீ கூப்ட்டதும் வெளிய போயிருப்பா. எங்க போவா? ஒரு எடமும் கெடச்சிருக்காது. மழ வேற. மறுபடியும் இங்கியே தூக்கிக்கினு வந்துட்டா. அவ இருந்த எடத்த எடுத்தவ நானு. நாந்தான காலி பண்ணச் சொன்னேன்."

"நான்தானேக்கா எடுக்கச் சொன்னேன்?"

"நீ சொன்ன. உனுக்கு அவ பாஷ தெரியுமா? அவகிட்ட சொன்னது நானு. அவ நம்புனது என்ன."

மறுநாள் காலையில் சொக்கப்பனைச் சாம்பலைப் பிரசாதம் என்று எல்லாரும் அள்ளிக்கொண்டு போனார்கள். அது வழக்கம். நெற்றியில் பூசிக்கொள்வார்கள், வயல் இருப்பவர்கள் வயலில் போடுவார்கள். அக்கா முந்தின ராத்திரி ஊருக்கே திரும்பவில்லை, கோயில் மண்டபத்தில் படுத்திருந்தார் போல. அள்ளுகிற கைகளுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து, விரலால் சாம்பலைத் தள்ளித் தள்ளித் தேடிக்கொண்டிருந்தார். ஏதோ கிடைத்தது. முந்தானையில் முடிந்துகொண்டார். அன்றைக்குக் கண்டக்டர் காகிதத்தில் மடித்துக் கொடுத்த சாம்பல் பொட்டலம் இன்றும் எங்கள் பூஜை அலமாரியில் இருக்கிறது. மாமியார் தூக்கிப் போட விடமாட்டார். எனக்கு அந்தக் கதவைத் திறந்து விளக்கேற்றக் கை வருவதில்லை.

அதற்கப்புறம் அக்கா எங்கள் தெருவுக்கு வரவில்லை. அடுத்த ஐப்பசியில் காத்திருந்து பார்த்துவிட்டு, எல்லாரும் மிஷின்காரனையே கூப்பிட்டார்கள். உடம்பு முடியவில்லையாம் என்று ஒருவர் சொன்னார். இந்த வேலையே வேண்டாம் என்று விட்டுவிட்டாராம் என்று இன்னொருவர் சொன்னார். நான் போன் போடவில்லை. எத்தனையோ தரம் நம்பரை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்திருக்கிறேன். தனியாக இருக்கும்போது அந்தக் கீரி நின்று எங்களைப் பார்த்தது கண்ணில் வந்துவிடும். அது என்னைத்தான் பார்த்தது என்று தோன்றும். சமையலறையில் எண்ணெய் பொரிகிற சத்தம் கேட்டால்கூட அடுப்பை அணைத்துவிடுவேன்.

இரண்டு வருஷம் இப்படியே போனது. போன ஐப்பசியில் இனிமேல் முடியாது என்று ஆகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறி, அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து, விசாரித்துக்கொண்டு போனேன்.

வீட்டு வாசலில் உட்கார்ந்து மல்லாட்டை, எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பேர், உரித்துக்கொண்டிருந்தார் அக்கா. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. ஆள் பாதியாக இளைத்திருந்தார். அவர் வீட்டுச் சுற்றுச்சுவர் ஓரம் முழுக்க இலையும் சுள்ளியும் செத்தையும் சன்னல் உயரத்துக்கு ஏறிக் கிடந்தன. மருமகள் எனக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே புலம்பினாள். "நீங்களாவது சொல்லுங்கக்கா. கைய வெக்க உடமாட்டேங்குறாங்க. அவங்களும் எடுக்கறதில்ல. கொழந்தைங்க நடமாடற எடம்."

"என் வாயால இனிமே யாரையும் எழுந்து போன்னு சொல்லமாட்டேன்" என்றார் அக்கா. என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "எத்தினி வருசம் கூப்ட்டிருப்பேன்? கூப்ட்டதெல்லாம் வந்துச்சே, அதுங்க எங்க போச்சுன்னு ஒரு நாளாவது பாத்தனா? இந்தக் கொரல நம்பிப் போயி எத்தினி செத்துச்சோ. ராத்திரியில அதான் வருது."

என்னால் தாங்க முடியவில்லை. மருமகள் உள்ளே போகும் வரை காத்திருந்தேன். அப்புறம் சொல்லிவிட்டேன். எதையும் விடவில்லை. "அக்கா, அன்னிக்கு நாங்க பிரிக்கவே இல்ல. நான் கூப்பிடவே இல்ல. அது எங்கேயும் போய்ட்டுத் திரும்பி வரல, உள்ளயேதான் இருந்துச்சு. நீங்க போன் பண்ணப்ப நான் அடுப்பு முன்னாடி நின்னுட்டிருந்தேன். உங்ககிட்ட பொய் சொன்னேன். நேர்ல கேட்டப்பவும் பொய் சொன்னேன். தப்பு உங்களது இல்லக்கா, என்னுது. உங்க குரல்ல ஒரு தப்பும் இல்ல."

சொல்லி முடித்தபோது எனக்குத் தேம்பித் தேம்பி அழுகை வந்துவிட்டது. அக்கா உரிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். திட்டட்டும், காறித் துப்பட்டும், எழுந்து போ என்று சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

அவர் கண்ணிலும் தண்ணீர் வந்தது. "இதச் சொல்லத்தான் பஸ் ஏறி இம்மாந் தூரம் வந்தியா?"

"ஆமாக்கா."

"என் மனசு ஆறணும்னு, பழிய நீ தூக்கித் தலையில வெச்சிக்கிறியே. பெத்த பொண்ணு கூட இப்டி செய்யாது."

"ஐயோ, இல்லக்கா! நெஜமாத்தான் சொல்றேன்."

"உள்ள குட்டிங்க கீதுன்னு தெரிஞ்சும் ஒரு பொம்பள வாய மூடிக்கினு நெருப்பு வெக்க உடுவாளா? அதுவும் நீயா? என்னக் கையப் புடிச்சி ஆபீசுக்குள்ள இட்டுக்கினு போனவ நீ. யார்கிட்ட சொல்ற?" சிரித்தார். "உனுக்குப் பொய் சொல்ல வரலம்மா. உட்டுடு."

நான் மறுபடி வாயெடுத்தேன். மல்லாட்டைத் தூசி ஒட்டிய கையால் என் வாயைப் பொத்தினார்.

நானும் அப்புறம் பேசவில்லை.